ஒரு புள்ளி குறைவு

பொன்விழாவுக்கு வெள்ளிக் காசு.
பொன்னுக்கு நிதிக்குழு ஒப்பவில்லை.

மாதிரிப் படம் என் மேசைக்கு வந்த அன்று
கொடைக்கானலில் மூன்றாம் நாளாக மின்சாரம் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்களை
மேகம் ஒவ்வொன்றாக எடுத்துப் போய்க்கொண்டிருந்தது.
மெழுகுவர்த்தியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
கீழே மலைமுகடு, சரி.
நடுவே மணிக்கூண்டு, சரி.
விளிம்பை ஒட்டி வளைந்து பல்கலைக்கழகத்தின் பெயர்.
'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி
நீல மையில் சுருக்கொப்பம் வைத்தேன்.
பச்சை மைக்கு இன்னும் இரண்டு பதவி உயர்வு வேண்டும்.

ஐந்நூறு காசுகள்
சவரிமுத்துவின் ஜீப்பில் மலையேறி வந்தன.
வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டி கொதித்து நின்றதாம்.
வாளியில் பிடித்து ஊற்றிக் கொண்டுவந்தேன் என்றான்.
முதல் பெட்டியைத் திறந்தேன்.
நீல வெல்வெட்டில்
பளபளவென்று
பலகலைக்கழகம்.

கடுகில் பாதிகூட இராது அந்தப் புள்ளி.
இரண்டாம் பெட்டி. பத்தாவது பெட்டி.
ஐந்நூறு காசிலும்
மொட்டைத் தலையோடு ஒரு ல.
மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது.

தமிழ்த்துறை இளவழுதி ஐயாவிடம் மட்டும் சொன்னேன்.
காசை வாங்கி எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து,
"ஏன் பதறுகிறீர்கள்? பிரித்துப் படியுங்கள்.
பல கலைக் கழகம். பொருள் கெடவில்லையே" என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"சேர்ந்தால்தான் அம்மா அங்கே புள்ளி வரும்.
நம்மவர்கள் என்றைக்குச் சேர்ந்தார்கள்?"

விழாவில் யாரும் படிக்கவில்லை.
நன்கொடையாளர்கள், முன்னாள் பதிவாளர்கள்,
கீழ்நாட்டிலிருந்து ஸ்வெட்டரோடு வந்த செனட் உறுப்பினர்கள்
எல்லாரும் உள்ளங்கையில் ஒருமுறை
தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள்.
இருபது கிராம்.
முப்பது வருடம் விடுதியில் சோறு வடித்ததற்காக
மெஸ் குருவம்மாளுக்கும் ஒன்று.
மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினார்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி
வளையலுக்கு வட்டி கட்ட மூஞ்சிக்கல் போனேன்.
தாராசந்த் சேட்டு, நாயுடுபுரம் பள்ளியில்
எட்டாவது வரை தமிழில் படித்தவர்,
கண்ணில் பூதக்கண்ணாடி செருகியபடி
நீலப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.
"உங்க ஆபீஸ் காசு. எழுத்துல தப்பு இருக்கு, பாத்தீங்களா?"

முதன்முதலாக ஒருவர்.
எனக்கு ஏனோ அழுகை வரவில்லை, பசித்தது.

"தப்புக்குப் பணம் குறைச்சீங்களா?"
"வெள்ளி சுத்தம்மா. எழுத்துக்கு நான் கடன் கொடுக்கிறதில்ல."

யாருடையது என்று அவர் சொல்லவில்லை.
ரசீதுக் கட்டு திறந்தே கிடந்தது.
குருவம்மாள்.
ம்-முக்கு ஒரு புள்ளி, ள்-ளுக்கு ஒரு புள்ளி.
தாள் மறுபக்கம் புடைக்கும்படி
குத்தி வைத்த புள்ளிகள்.
"பொண்ணுக்கு செமஸ்டர் பணமாம், கடைசி நாளுன்னாங்க."
அந்தச் செலானை நான் பார்த்திருக்கிறேன்.
முத்திரை வைத்ததே நான்தான்,
கொஞ்சம் கோணலாக.

மீதம் நான்கு காசுகள் பீரோவில். சாவி என்னிடம்.
நேற்று எல்லாரும் போன பிறகு
ஒன்றை எடுத்து, கோப்பு தைக்கும் ஊசியால்
ல-வின் தலையைத் தேடி அழுத்தினேன்.
விரல் நடுங்கியதோ, வெள்ளி வழுக்கியதோ,
ஊசி சறுக்கி
மணிக்கூண்டைத் தாண்டி
மலைச்சரிவில் குத்தி நின்றது.

எழுத்து அப்படியே இருக்கிறது.
மலையில் மட்டும்
யாரோ ஒரு வீட்டில் இன்னும் தூங்காமல்
விளக்கு வைத்திருக்கிறார்கள்.